‘மூச்சு நின்றது’ என்பது காரணம் ஆகாது

மதுரைப் பக்கம் கேதத்துக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம் "என்னவாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அட்டாக்." சர்க்கரை முற்றிக் கால் அழுகிப் போனவருக்கும் அட்டாக், வருஷக்கணக்கில் குடித்து ஈரல் கெட்டவருக்கும் அட்டாக், மூன்று நாள் காய்ச்சலில் போன பிள்ளைக்கும் அட்டாக். துக்க வீட்டுப் பேச்சுக்கு அது போதும். அதே சொல் மருத்துவமனைப் படிவத்தில் ஏறி, கணினிக்குப் போய், டெல்லியில் அட்டவணையாகி, "இந்தியாவில் உயிரிழப்புக்கு முதல் காரணம் இதயநோய்" என்று காலை நாளிதழில் வந்து இறங்கும்போதுதான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. எந்த ஊருக்கு டயாலிசிஸ் மெஷின், எந்த வட்டாரத்துக்கு விஷமுறிவு மருந்து என்று முடிவெடுப்பது அந்த அட்டவணையை வைத்துத்தான்.

இந்தியாவில் இறப்புக் காரணங்களைச் சொல்லும் அரசுக் கணக்கு இரண்டு வழியில் வருகிறது. இரண்டையும் வெளியிடுவது இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம்தான் என்றாலும், இரண்டும் வேறு வேறு வகைக் கணக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் செய்தி எழுதுகிறவர்கள் நிறைய.

முதலாவது, மருத்துவர் சான்றளித்த இறப்புகளின் அறிக்கை. 2020-ல் நாடு முழுக்கப் பதிவான இறப்புகள் சுமார் 81.2 லட்சம். அவற்றில் காரணத்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தது சுமார் 18.1 லட்சம், அதாவது ஏறத்தாழ 22 சதவீதம். அந்த 18.1 லட்சத்தில்தான் ரத்த ஓட்ட மண்டல நோய்கள் 32.1 சதவீதம். "இந்தியாவில் மூன்றில் ஒருவர் இதயநோயால் இறக்கிறார்" என்று இதிலிருந்து எழுதுவது தவறு. சான்று பெற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் இறந்தவர்கள், நகரத்தை ஒட்டியவர்கள். பேரையூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் போன கிழவி அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

இரண்டாவது, மாதிரிப் பதிவுத் திட்டம். 1960-களின் நடுவில் முன்னோட்டமாகத் தொடங்கி, 1970 வாக்கில் முழு அளவுக்கு வந்தது. நாடு முழுக்கச் சுமார் 8,850 மாதிரிப் பகுதிகள், அவற்றில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கணக்கெடுப்பாளர் பிறப்பையும் இறப்பையும் நடக்க நடக்கக் குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் தனியாக வந்து வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றை மறுபடி வீட்டுக்கே போய்ச் சரிபார்ப்பார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துவிடுவார். இறப்பு நடந்த வீட்டில் உறவினர்களிடம் விசாரித்து எழுதும் வாய்மொழிப் பிரேத விசாரணையும் இதே மாதிரிப் பகுதிகளில்தான் நடக்கிறது. 2021-23க்கான அறிக்கையில் இதய, ரத்தக்குழாய் நோய்கள் சுமார் 31 சதவீதம், சுவாசத் தொற்றுகள் 9.3, புற்றுநோயும் பிற கட்டிகளும் 6.4, சுவாச நோய்கள் 5.7. ‘தெளிவற்ற காரணங்கள்’ என்று மட்டும் 10.5 சதவீதம் ஒதுங்கிக் கிடக்கிறது. இன்ன காய்ச்சல் என்று தெரியாத காய்ச்சல் தனியாக 4.9.

பழைய சென்னை மாகாண சுகாதார அறிக்கைகளில் காலரா, பெரியம்மை, வயிற்றுக்கடுப்பு எல்லாவற்றுக்கும் மேலே ‘காய்ச்சல்’ என்று ஒரு பெரிய பத்தி இருக்கும். மலேரியாவா, டைபாய்டா, பிரசவத்துக்குப் பின் வந்த சீழா, எதுவும் தெரியாது. ஊர்க் கர்ணமோ மணியக்காரரோ காதில் விழுந்ததை எழுதினார்கள். அந்தப் பதவிகள் 1980-ல் போய்விட்டன, அந்தப் பத்தி இன்னும் போகவில்லை.

இனி மருத்துவர் கையில் இருக்கும் தாளைப் பார்ப்போம். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்து, கடைசி நோயில் பார்த்த மருத்துவர் எழுதினால் படிவம் 4அ. இரண்டிலும் நடுப்பகுதி ஒன்றேதான். பகுதி ஒன்றில் அ, ஆ, இ என மூன்று வரி. அ வரியில் உயிரை நேரடியாக எடுத்தது. ஆ வரியில் அதற்குக் காரணமானது. இ வரியில் அதற்கும் காரணமானது, அதாவது எல்லாவற்றுக்கும் வேர். வலப்பக்கம் ஒரு சிறு பத்தி: ஒவ்வொன்றும் தொடங்கி இறப்பு வரை எவ்வளவு காலம். கீழே பகுதி இரண்டில், இந்தச் சங்கிலியில் சேராமல், ஆனால் உடம்பைத் தளர்த்திய மற்ற நோய்கள்.

எடுத்துக்காட்டாக ஒன்று. மேலூர்ப் பக்கத்து அம்மா, வயது 58. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. மூன்று வாரத்துக்கு முன் கால் விரலில் முள் குத்தி, புண்ணாகி, கருத்து அழுகிவிட்டது. இரண்டு நாளாகத் தொற்று ரத்தத்தில் கலந்து ரத்த அழுத்தம் இறங்கி இறந்துபோகிறார். சிறுநீரகமும் கொஞ்சம் கெட்டிருந்தது. இதை எழுத வேண்டிய முறை:

அ. ரத்தத்தில் தொற்றுப் பரவிய அதிர்ச்சி – 2 நாள்
ஆ. வலது காலில் அழுகல் – 3 வாரம்
இ. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் – 15 வருடம்
பகுதி இரண்டு: நாட்பட்ட சிறுநீரகக் கோளாறு – 4 வருடம்

படிவத்தைப் படித்து நோய்க்குக் குறியீட்டு எண் போடும் குறியீட்டாளர் கீழிருந்துதான் தொடங்குவார். கடைசி வரியில் இருக்கும் நோய் மேலே உள்ள அத்தனையையும் உண்டாக்கியிருக்க முடியுமா? முடியும். அப்படியானால் அதுதான் அடிப்படைக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் திருத்தத்தில் இது இ11.5 (ஆங்கில எழுத்தில் E11.5), கை கால் ரத்த ஓட்டம் பாதித்த சர்க்கரை நோய். அந்த அம்மாவின் சாவு சர்க்கரைக் கணக்கில் ஏறும். கால் பராமரிப்பு கிளினிக் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு சாட்சி கூடும்.

இதே நோயாளிக்கு நடைமுறையில் அடிக்கடி எழுதப்படுவது என்ன? அ வரியில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’, ஆ வரியில் ‘செப்சிஸ்’ (ரத்தத்தில் கலந்த தொற்று), இ வரி காலி, காலப் பத்தியும் காலி. இதயமும் மூச்சும் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. நோய், காயம் அல்லது சிக்கலை எழுதுங்கள், இதயச் செயலிழப்பு, உடல் தளர்ச்சி போன்ற இறக்கும் விதத்தை எழுத வேண்டாம் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அந்த வரிக்கு நேர் எதிரேயே தினமும் அதையே எழுதுகிறார்கள். செப்சிஸாவது ஆ வரியில் இருந்ததால் இந்தச் சாவு தொற்றுநோய்ப் பக்கம் போகும், சர்க்கரையின் பெயர் எங்கும் வராது. ‘அரெஸ்ட்’ மட்டும் எழுதியிருந்தால் ஐ46.9 என்று குறியீடு விழும். ஐ என்பது ரத்த ஓட்ட மண்டல அத்தியாயம். ‘நுரையீரல் ரத்த ஓட்டமும் பிற இதய நோய்களும்’ என்ற பிரிவில் போய் உட்காரும். கால் புண்ணில் போன அம்மா இதய நோயாளி ஆகிவிடுவார். நாட்டின் முதல் காரணம் என்று சொல்லப்படும் அந்த 32.1 சதவீதத்துக்குள் இந்த மாதிரிச் சாவுகளும் கலந்தே கிடக்கின்றன. இதயநோய் பெரிய கொல்லி என்பது உண்மைதான், வாய்மொழி விசாரணையும் அதையே சொல்கிறது. ஆனால் அதில் எவ்வளவு மாரடைப்பு, எவ்வளவு வேறு நோய்களின் கடைசி மூச்சு என்று பிரித்தால்தான் இதயக் குழாய் அடைப்பைப் பார்த்து நீக்கும் கேத் லேப் எங்கே வைப்பது என்று சொல்ல முடியும்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்பதற்கு அலட்சியம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது நியாயமாக இருக்காது. இரவு இரண்டு மணிக்குப் படிவம் எழுதுவது பெரும்பாலும் பணியிலிருக்கும் இளம் மருத்துவர். நோயாளியை அவர் பார்த்ததே ஒரு மணி நேரமாக இருக்கும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பழைய நோய் விவரம் இல்லை. வெளியே ஆம்புலன்ஸ் நிற்கிறது, "விடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும் டாக்டர்" என்று உறவினர் நிற்கிறார்கள். படிவம் எழுதுவது எப்படி என்று படிப்பில் ஒரு வகுப்பு நடந்திருக்கும், அதோடு சரி.

சரி செய்ய எளிய வழிகள் உண்டு, எதற்கும் செலவு கிடையாது. அட்மிஷன் அன்றே கேஸ் ஷீட் மேல் ‘அடிப்படை நோய், எத்தனை வருடம்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் இரவு மருத்துவர் அதைப் பார்த்து எழுதலாம். படிவத்தை முடித்ததும் காலப் பத்தியை மேலிருந்து கீழே வாசித்துப் பார்க்க வேண்டும். நாள், வாரம், வருஷம் என்று கீழே போகப்போக எண் பெரிதாக வேண்டும். மேலே 15 வருஷம், கீழே 2 நாள் என்று இருந்தால் வரிசை தலைகீழ். சுருக்கெழுத்து ஆகாது. ‘எம்ஐ’ என்பது மாரடைப்பாகவும் படிக்கப்படும், மைட்ரல் வால்வுக் கசிவாகவும் படிக்கப்படும். ‘ஈரலில் கட்டி’ என்று விட்டுவிடாமல் அங்கேயே பிறந்த புற்றா, குடலிலிருந்து பரவியதா என்று எழுத வேண்டும். ‘தலைக்காயம்’ பாதிப் பதில்தான். எதனால் காயம் என்று தனிக் கேள்வியே இருக்கிறது: "பைக்கில் போகும்போது லாரி மோதி", "தென்னை மரத்திலிருந்து விழுந்து". தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்ததாகக் காவல்துறைக் கணக்கு சொல்கிறது. நடந்து போனவர் எத்தனை, ஹெல்மெட் இல்லாத பைக்காரர் எத்தனை என்று மருத்துவக் கணக்கும் சேர்ந்து சொன்னால்தான் எந்த வளைவில் என்ன செய்வது என்று தெரியும்.

பெண்களுக்கு இன்னொரு கேள்வி: கர்ப்பமாக இருந்தாரா, பிரசவம் நடந்ததா. கர்ப்பக் காலத்திலோ கர்ப்பம் முடிந்த 42 நாளுக்குள்ளோ கர்ப்பத்தாலோ அது மோசமாக்கிய நோயாலோ இறந்தால் அது தாய் இறப்பு. பிரசவ வார்டில் நடந்தால் யாரும் விடமாட்டார்கள். குழந்தை பிறந்து முப்பதாம் நாள் இதயப் பிரிவிலோ, மஞ்சள் காமாலையோடு பொது மருத்துவப் பிரிவிலோ இறந்தால் அந்தக் கட்டம் காலியாகவே போய்விட வாய்ப்பு அதிகம். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு நாடு முழுக்க 97, தமிழ்நாட்டில் 54. இவ்வளவு இறங்கிய பிறகு மிச்சமிருப்பதைக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு சாவையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். ஒரு டிக் விடுபட்டாலும் நஷ்டம்.

மருத்துவமனைக்கு வெளியே நடப்பதுதான் பெரும்பகுதி. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டால், உயிர் இருக்கும்போதே ஊருக்குக் கொண்டுவந்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். ஊர் மண்ணில், சொந்த வாசலில் போக வேண்டும் என்ற அந்த ஆசையைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்த நிமிஷமே அது மருத்துவமனை இறப்பு என்ற கணக்கிலிருந்து வெளியேறி, வீட்டு இறப்பு ஆகிவிடுகிறது. இரண்டு வாரம் ஐசியூவில் பார்த்த நோய் விவரமெல்லாம் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியாகப் பிளாஸ்டிக் பையில் கிடக்கும்.

கிராமத்தில் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர். மாநகராட்சி, நகராட்சிகளில் சுகாதார, துப்புரவு ஆய்வாளர்கள். இறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1969-ம் வருடப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். நம் ஊரில் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை யாரும் தாலுகா, ஆபீஸ் என்று நினைப்பதில்லை. காரியம் முடிந்து பந்தல் பிரித்தபின் மிச்சம் ஐந்தே நாள். அதற்குள் வாரிசுச் சான்று, பேங்க், பட்டா என்று நூறு வேலை. அவசரத்தில், இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் தாளான படிவம் 2-ன் முதல் பாதியை, அதாவது பெயர், தகப்பன் பெயர், தேதி, முகவரி ஆகியவற்றை, எழுத்துக்கு எழுத்துப் பார்த்து நிரப்புகிறார்கள். சொத்து அதில் இருக்கிறது. இரண்டாம் பாதியான புள்ளிவிவரப் பகுதியை "நீங்களே போட்டுக்கோங்க சார்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த இரண்டாம் பாதியில் கேட்பதைப் பாருங்கள். இறப்பதற்கு முன் மருத்துவமனையில் சிகிச்சை கிடைத்ததா, வெளியே மருத்துவர் யாராவது பார்த்தாரா, ஒரு வைத்தியமும் இல்லையா. நோயின் பெயர். பீடி சிகரெட் உண்டா, எத்தனை வருஷமாக. புகையிலை போடுவாரா, பாக்கு மெல்லுவாரா, குடிப்பாரா, எத்தனை வருஷமாக. வாய்ப்புற்றுநோயையும் வெற்றிலை பாக்குப் புகையிலையையும் ஊர்வாரியாகச் சேர்த்துப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒவ்வொரு சாவிலும் ஏற்கெனவே கேட்கப்படும் கேள்வி அது. பதில்தான் காலியாக வருகிறது, இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று வருகிறது.

இப்படி மறைப்பதற்கு ஒரு பயமும் காரணம்: குடியால் போனார், எய்ட்ஸில் போனார், தற்கொலை என்றெல்லாம் சான்றிதழில் வந்துவிட்டால்? வராது. இறப்புச் சான்றிதழில் காரணத்தை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. காரணம் புள்ளிவிவரத்துக்கு மட்டும் போகும், பெயரும் அங்கே எண்ணாகிவிடும். இது தெரிந்தால் பல குடும்பங்கள் மனம் திறந்து சொல்வார்கள். முன்பு சொன்ன 2021-23 வாய்மொழி விசாரணை அறிக்கையின்படி 15 முதல் 29 வயது வரை இறப்பவர்களுக்கு முதல் காரணமே தற்கொலை. அதை ‘வயிற்றுவலி’ என்று எழுதி வைத்தால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டிய உதவி வந்து சேராது.

‘முதுமை’ என்ற சொல்லும் இதே மாதிரி. ஆர்54 என்று ஒரு குறியீடு அதற்கு உண்டு, தெளிவற்ற காரணங்களில் சேரும். எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒரு பக்கம் கை கால் விழுந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்து போனால், அது பக்கவாதம். முதுமை என்று எழுதக் காரணமே இல்லை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய் ஆய்வில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். கட்டுக்குள் வராத மற்றவர்களில் பலர்தான் பிறகு கை கால் விழுந்து படுக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தத் தன்னார்வலரின் நோட்டில் யாருக்கு என்ன, எத்தனை நாளாக என்று இருக்கிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அதைப் பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபடும்.

வாய்மொழி விசாரணை செய்கிறவர்களின் வேலை இன்னும் நுட்பமானது. இறப்பு நடந்து சில மாதம் கழித்துப் போவார்கள். யாரிடம் கேட்பது என்பதுதான் முதல் கேள்வி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மகன் பதில் சொல்ல முன்வருவார். ஆனால் கஞ்சி ஊட்டியது, வாந்தி அள்ளியது, ராத்திரி முழித்தது மருமகளோ மகளோ. அவரிடம் கேட்க வேண்டும். கட்டம் போட்ட கேள்விகளை முடித்ததும், நோய் தொடங்கியது முதல் இறந்தது வரை நடந்ததை அவர் சொல்லச் சொல்ல அவர் சொன்ன சொற்களிலேயே அரைப் பக்கம் எழுத வேண்டும். அதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறிப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து யோசிப்பார். அப்போதும் ஒட்டாவிட்டால் மூன்றாவது மூத்த மருத்துவர் முடிவு செய்வார்.

இங்கே மொழிதான் எல்லாம். ‘இழுப்பு’ என்று நம் ஊரில் மூச்சிரைப்பையும் சொல்வார்கள், வலிப்பையும் சொல்வார்கள். "இழுத்துக்கிட்டே இருந்தாரு" என்று எழுதிவிட்டு வந்தால் ஒரு மருத்துவர் ஆஸ்துமா என்பார், மற்றவர் ஃபிட்ஸ் என்பார். "மூச்சு இழுத்துச்சா, கை கால் இழுத்துச்சா?" என்று அங்கேயே ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் குழப்பமில்லை. "நெஞ்சு அடைச்சுச்சு" என்றால் எந்த இடம், இடது கைக்கு வலி இறங்கியதா, வியர்த்ததா, எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். "மஞ்சக் காமாலை" என்றால் கண் மஞ்சளானதை நேரில் பார்த்தார்களா, நாட்டு வைத்தியர் சொன்னாரா என்று கேட்க வேண்டும்.

இன்னொரு சொல் ‘பூச்சி’. ராத்திரியில் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்று கிராமத்தில் அதைப் பூச்சி என்பார்கள். "பூச்சி கடிச்சிருச்சு" என்று எழுதினால், பூச்சிக்கடி ஒவ்வாமை என்று வெளியூர் மருத்துவர் குறித்துவிட முடியும். பெரியாறு பாசனத்து நெல் வயலை ஒட்டிய வீடு, தரையில் பாய் போட்டுப் படுத்தவர், விடியலில் வயிற்றுவலி, கண் இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறி, மத்தியானத்துக்குள் மூச்சு நின்றது: இது கட்டுவிரியன். அதன் கடி வலிக்காது, பல்லின் தடமும் தெரியாது. கடிபட்டவருக்கே தெரியாத சாவு அது. நாட்டில் வருடத்துக்குப் பாம்புக்கடிச் சாவு ஆயிரம், இரண்டாயிரம் என்றுதான் மருத்துவமனைக் கணக்கு சொல்லி வந்தது. வாய்மொழி விசாரணையில் 2005-க்கு சுமார் 46 ஆயிரம் என்று வந்தது. பிறகு 2000 முதல் 2019 வரை சேர்த்துப் பார்த்ததில் 12 லட்சம், வருஷத்துக்குச் சராசரி 58 ஆயிரம். பாம்பு திடீரென்று பெருகிவிடவில்லை, வயலிலும் வீட்டிலும் போனவர்கள் அதுவரை எண்ணப்படவில்லை. 2024-ல் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது.

எண்களை வாசிக்கிறவர்களுக்கும் சில விஷயங்கள்.

இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், வாழ்ந்த ஊரில் பதிவாகாது. சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம், தேனி, திண்டுக்கல் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தீவிர நோய்க்கு மதுரைக்குத்தான் வருகிறது. அரசு இராஜாஜி மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் வந்து இறப்பவர்கள் மதுரை மாநகராட்சியின் பதிவேட்டில் ஏறுவார்கள். அதை மாநகராட்சி மக்கள்தொகையால் வகுத்தால் மதுரைக்காரர்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள் என்று தெரியும், ராமநாதபுரத்துக் கிராமங்களில் சாவே இல்லை என்று தெரியும். படிவம் 2-ல் வசிப்பிடம் தனியாகக் கேட்கப்படுகிறது. அதை வைத்துப் பிரித்த கணக்கா என்று பார்த்துவிட்டுத்தான் மாவட்டங்களை ஒப்பிட வேண்டும்.

வகுக்கும் எண்ணும் பழையது. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. அப்போது மதுரை மாவட்டத்தில் 30,38,252 பேர். அதே 2011-ல்தான் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. விரிவதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் அருகருகே வைத்து ‘இறப்பு கூடிவிட்டது’ என்று சொன்னால், கூடியது எல்லைதான். அடுத்த கணக்கெடுப்பு 2027-ல்.

சாதாரண இறப்பு விகிதம் ஆரோக்கியத்தின் அளவுகோல் ஆகாது. 2020-ல் ஆயிரம் பேருக்குப் பீகாரில் 5.4, தமிழ்நாட்டில் 6.1, கேரளாவில் 7.0. கேரளாவைவிடப் பீகார் ஆரோக்கியமான மாநிலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேரளாவில் முதியவர்கள் அதிகம், பீகாரில் பிள்ளைகள் அதிகம். வயதுவாரியாகச் சமன்படுத்திய பிறகே ஒப்பிடலாம்.

பங்கு சதவீதம் இன்னொரு பொறி. மருத்துவச் சான்று பெற்ற இறப்புகளில் ரத்த ஓட்ட மண்டல நோய்களின் பங்கு 2020-ல் 32.1, 2021-ல் 29.8. குறைந்துவிட்டது என்று தோன்றும். 2021-ல் சான்று பெற்ற இறப்புகளே சுமார் 24 லட்சமாகக் கூடிவிட்டன, கொரோனா மட்டும் 17.3 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. எண்ணிக்கையில் பார்த்தால் ரத்த ஓட்ட மண்டல நோய்ச் சாவு சுமார் 5.8 லட்சத்திலிருந்து சுமார் 7.1 லட்சமாக ஏறியிருக்கிறது.

சின்ன எண்ணை நம்பி யாரையும் பாராட்டவும் கூடாது, திட்டவும் கூடாது. வருஷத்துக்கு 800 பிரசவம் நடக்கும் ஒரு வட்டாரத்தில் 8 சிசு இறந்தால் விகிதம் ஆயிரத்துக்கு 10. அடுத்த வருஷம் 12 என்றால் 15 ஆகிவிடும். "ஒன்றரை மடங்கு உயர்வு" என்று மெமோ பறக்கும். எட்டின் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 3, அதன் இரண்டு மடங்கு 6. ஆகவே சாவு எண்ணிக்கை 2 முதல் 14 வரை வெறும் தற்செயலாகவே ஏறி இறங்கலாம். மாதிரிப் பதிவுத் திட்டம் மாவட்ட வாரியாக எண் தராததற்கும் இதுவே காரணம். வட்டாரத்துக்கு மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள், ஒவ்வொரு சிசு இறப்பையும் தனியாக விசாரியுங்கள், விகிதத்தை வைத்துச் செவிலியரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்காதீர்கள்.

கடைசியாக, வீட்டில் இறப்பு நேர்ந்தவர்கள் பதிவுக்குப் போகும்போது. பதினாறாம் நாளுக்குக் காத்திராமல், எட்டாம் நாளுக்குள் வீட்டில் நிதானமான ஒருவர் போவது நல்லது. கையில் இறந்தவரின் ஆதார், தகவல் சொல்கிறவரின் ஆதார், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, தினம் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை. கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் படிவம் 4அ கேளுங்கள். அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சட்டம். மருத்துவமனையில் இறந்திருந்தால் காரணச் சான்றின் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று 2023 திருத்தம் சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். வயதைக் குத்துமதிப்பாக 60, 65, 70 என்று சொல்லாமல் ஆவணத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையென்றால் மாதம், ஒரு மாதத்துக்குள் என்றால் நாள், முதல் நாளிலேயே என்றால் மணி. 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டிவரும். பதிவாளர் எழுதி முடித்ததும் இரண்டாம் பாதியையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இயற்கை’ என்று இருந்தால், சம்மரியை நீட்டி, அதில் உள்ளதை எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.